சிவபூஜையில் கரடியான கதை!

சேக்கிழார் பிறந்த ஊர் எங்கள் குன்றத்தூர். பெரிய புராணம் பாடியவரின் ஊரில் குடியிருந்துகொண்டு ஒரு சின்னப் புராணமாவது பாடாவிட்டால் நன்றாக இருக்காது. எனவே இது என் சொந்தப் புராணம். இதில் நாயன்மார்கள் யாரும் கிடையாது. ஒரே ஒரு கரடி உண்டு. அது அடியேன்தான்!

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். முருகன் கோயில் மலையின் 84 படிகளும் ஏறி இறங்கிவிட்டு, அடிவாரத்து டீக்கடையில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். எதிரே அக்கா பையன். இருபத்து நாலு வயசு. போரூர் பக்கம் ஐ.டி. கம்பெனியில் வேலை. டீயை ஆற்றிக்கொண்டே செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்.

"மாமா, ஒரு கம்பெனி. நெட்ல வியாபாரம் பண்றான். வருஷா வருஷம் விற்பனை ரெட்டிப்பாகுது. ஆனா லாபம்னு ஒரு பைசா கிடையாது. பங்கு விலை மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு. இது நிக்கும்கறீங்க?"

"நிக்காது" என்றேன்.

"அப்ப விழும்னு பந்தயம் கட்டலாம்ல?"

எனக்கு டீ புரை ஏறியது. இதே கேள்வியை, கிட்டத்தட்ட இதே வார்த்தைகளில், கால் நூற்றாண்டுக்கு முன்னால் நான் ஒருவரிடம் கேட்டிருக்கிறேன். அவரும் "நிக்காது" என்றுதான் சொன்னார். நின்றுவிட்டது... என் மூச்சு!

தக்காளிக் கணக்கு

பங்குச் சந்தைப் பக்கம் போகாத புண்ணியவான்களுக்காக ஒரு சின்ன விளக்கம்.

விலை ஏறும் என்று நம்பி வாங்குபவர் காளை. விழும் என்று நம்பி விற்பவர் கரடி. கையில் பங்கே இல்லாமல் எப்படி விற்பது? அதுதான் வித்தை.

தக்காளி கிலோ 80 ரூபாய் விற்கிறது என்று வையுங்கள். 'இதெல்லாம் அநியாய விலை, அடுத்த வாரம் 20-க்கு வந்துவிடும்' என்று உங்களுக்குத் தோன்றுகிறது. பக்கத்து வீட்டு மாமியிடம் பத்து கிலோ தக்காளி கடன் வாங்குகிறீர்கள். உடனே 800 ரூபாய்க்கு விற்றுவிடுகிறீர்கள். அடுத்த வாரம் விலை 20. இருநூறு ரூபாய்க்குப் பத்து கிலோ வாங்கி மாமியிடம் திருப்பிக் கொடுத்தால், மாமிக்குத் தக்காளி வந்தாச்சு. உங்களுக்கு 600 ரூபாய் லாபம். முதல் போடாமல் சம்பாத்தியம்!

விலை 20-க்கு வராமல் 150-க்குப் போனால்? மாமி தக்காளிதான் கேட்பாள். உங்கள் அபிப்பிராயத்தைக் கேட்கமாட்டாள். 1,500 ரூபாய் கொடுத்து வாங்கித்தான் தீரவேண்டும்.

இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். தக்காளி விலை எவ்வளவு விழுந்தாலும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆகவே உங்கள் லாபத்துக்கு ஓர் எல்லை உண்டு: 800 ரூபாய். ஏறுவதற்கு எல்லை கிடையாது. எனவே நஷ்டத்துக்கும் எல்லை கிடையாது. பங்கை வாங்கியவன் அதிகபட்சம் போட்ட பணத்தை இழப்பான். இல்லாததை விற்றவன், போடாத பணத்தையும் இழப்பான்.

இந்தக் கடைசி வரியை அன்றைக்கே யாராவது சொல்லியிருக்கலாம். சொன்னார்கள். நான்தான் கேட்கவில்லை.

டாட் காம் ஜுரம்

2000-ம் வருஷம் ஜனவரி. எனக்கு வயசு இருபத்தைந்து. கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பிரிவு. சம்பளம் 4,500 ரூபாய். குன்றத்தூரிலிருந்து பஸ்ஸில் பல்லாவரம், அங்கிருந்து மின்சார ரயிலில் கிண்டி. ரயிலில் அப்போது எல்லோர் வாயிலும் ஒரே மந்திரம்: டாட் காம்!

காரணம் இருந்தது. நம்ம சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே 1999 அக்டோபரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தைக்கே போய்விட்டது. அங்கே பட்டியலிடப்பட்ட முதல் இந்திய இன்டர்நெட் கம்பெனி. ஒரு பங்குச் சான்று 18 டாலர் என்று வெளியிட்டார்கள். சில மாதங்களிலேயே பல மடங்கு ஏறிவிட்டது. நவம்பரில் அந்தக் கம்பெனி, ராஜேஷ் ஜெயின் என்பவர் நடத்திவந்த இந்தியாவேர்ல்டு இணைய தளங்களை 499 கோடி ரூபாய்க்கு வாங்கப்போவதாக அறிவித்தது. நானூற்றுத் தொண்ணூற்று ஒன்பது கோடி! தொழிற்சாலை கிடையாது, புகைபோக்கி கிடையாது. கம்ப்யூட்டரில் தெரிகிற சில பக்கங்களுக்கு!

உள்ளூர்ச் சந்தையில் 'ஐஸ்' பங்குகள் என்று ஒரு கோஷ்டி. இன்ஃபர்மேஷன், கம்யூனிகேஷன், என்டர்டெய்ன்மென்ட் ஆகிய மூன்றின் முதலெழுத்து. பென்டாஃபோர், டி.எஸ்.க்யூ., எஸ்.எஸ்.ஐ. என்று சென்னைக் கம்பெனிகளின் பெயர்களும் தினசரி அடிபட்டன. ஐஸ் என்று பெயர் வைத்தவர் தீர்க்கதரிசி. பின்னால் உருகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நான் அக்கவுன்ட்ஸ்காரன். வரவு செலவு பார்த்துப் பழகியவன். ஒரு குறிப்பிட்ட இன்டர்நெட் கம்பெனியின் கணக்கை ஒரு சாயங்காலம் உட்கார்ந்து அலசினேன். பெயர் வேண்டாம். வருமானம் ஒரு பெரிய ஹோட்டலின் டிபன் வியாபாரத்தைவிடக் குறைவு. நஷ்டமோ அதைப்போல மூன்று மடங்கு. பங்கு விலையை வைத்துக் கணக்குப் போட்டால் அந்த ஹோட்டல் இருக்கிற தெருவையே வாங்கலாம்.

'இது டுபாக்கூர்' என்று முடிவு செய்தேன். அந்த முடிவு நூற்றுக்கு நூறு சரி. அதுதான் இந்தக் கதையில் பெரிய சோகம்.

புதன் முதல் செவ்வாய் வரை

மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடிப்படிக்கு அடியில் சப்-புரோக்கர் ஆபீஸ். நடத்தியவர் தூத்துக்குடிக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. பச்சையும் சிவப்புமாக எண்கள் ஓடும் கம்ப்யூட்டர் முன்னால் பத்துப் பேர் வாயைப் பிளந்து நிற்பார்கள்.

"அண்ணாச்சி, இந்தக் கம்பெனி நிக்குமா?"

"நிக்காது தம்பி."

"அப்ப நூறு பங்கு வித்துடுங்க."

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, நிக்காதுன்னுதான் சொன்னேன். என்னிக்கி விழும்னு சொன்னனா? ஓடுற மாட்டுக்கு முன்னால போய் நிக்காதிய. அது களைச்சு விழும், நெசந்தான். அதுக்குள்ள ஒம்மள மிதிச்சிரும்லா!"

நான் சிரித்தேன். முன்பணமாக பத்தாயிரம் ரூபாய் கட்டினேன். போனஸும் சீட்டுப் பணமும் சேர்த்து வைத்திருந்தது. ஒரு புதன்கிழமை காலை, கையில் ஒரு பங்குகூட இல்லாமல், நூறு பங்கை 400 ரூபாய் விலையில் விற்றேன்.

அந்தக் காலத்து முறையைச் சொல்லிவிடுகிறேன். தேசியப் பங்குச் சந்தையில் கணக்கு வாராவாரம். புதன்கிழமை தொடங்கி அடுத்த செவ்வாய்க்கிழமை முடியும். புதன்கிழமை விற்றதைச் செவ்வாய்க்குள் திருப்பி வாங்கிவிட்டால் வித்தியாசத்தை மட்டும் கொடுத்தால் போதும். வாங்காவிட்டால் பங்கைக் கையில் கொடுக்கவேண்டும். இன்னொரு விதியும் இருந்தது. ஒரு பங்கின் விலை ஒரே நாளில் 8 சதவிகிதத்துக்கு மேல் ஏறவோ இறங்கவோ கூடாது. அந்த வரம்பைத் தொட்டால் 'சர்க்யூட்'. இந்த 8 சதவிகிதம் எனக்குப் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். அதுதான் சுருக்குக் கயிறு.

வியாழக்கிழமை அந்தக் கம்பெனி ஏதோ ஒரு வெளிநாட்டுக் கூட்டு பற்றி அறிவித்தது. மத்தியானம் ஆபீஸ் வாசலில் ஒரு ரூபாய் காயின் பூத்திலிருந்து அண்ணாச்சிக்குப் போன் போட்டேன்.

"432 தம்பி. சர்க்யூட்."

"வாங்கிடுங்க அண்ணாச்சி!"

"வித்தால்லா வாங்க? விக்க ஆளே இல்ல. வாங்க மட்டும் லட்சக்கணக்குல வரிசை நிக்கி."

புரிகிறதா? விலை வரம்பைத் தொட்டதும் விற்பவர்கள் 'நாளைக்கு இன்னும் ஏறுமே' என்று கையை மடக்கிக்கொண்டார்கள். ஓடிப்போகக் கதவு இருக்கிறது. சாவி அடுத்தவன் கையில்.

வெள்ளிக்கிழமை 466. சனி, ஞாயிறு விடுமுறை. எனக்கு மட்டும் இல்லை. இரண்டு ராத்திரியும் மொட்டை மாடியில் நட்சத்திரம் எண்ணினேன். எண்ணிக்கை 466-ஐத் தாண்டவில்லை. திங்கள் 503. செவ்வாய் 544.

செவ்வாய்க்கிழமையும் வாங்க முடியவில்லை. ஆக, கொடுக்க வேண்டிய பங்கு என்னிடம் இல்லை. அப்படியானால் சந்தையே ஏலத்தில் வாங்கி, எவனிடம் வாங்கினேனோ... மன்னிக்கவும், எவனுக்கு விற்றேனோ அவனுக்குக் கொடுத்துவிட்டு, பில்லை என் தலையில் கட்டும். ஏல விலை 610 ரூபாய். நூறு பங்குக்கு நஷ்டம் 21,000. நாலரை மாதச் சம்பளத்துக்கு மேல். ஐந்தே வேலை நாள் சாமர்த்தியத்துக்கு!

அம்மாவின் சங்கிலி

முன்பணம் பத்தாயிரம் போக, இன்னும் 11,000 வேண்டும். ஆபீஸ் நண்பனிடம் கைமாற்று இரண்டாயிரம். மீதிக்கு அம்மா.

அம்மாவுக்கு விஷயத்தைப் புரியவைக்க அரைமணி நேரம் ஆனது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நிதானமாக ஒரு கேள்வி கேட்டாள்.

"கையில இல்லாத சாமானை வித்தியா?"

"ஆமாம்மா."

"வாங்கினவன் கிட்ட, இது எங்கிட்ட இல்லைன்னு சொன்னியா?"

"அது... அப்படிச் சொல்ல வேண்டியதில்லைம்மா. சட்டப்படி சரிதான்."

"அப்படின்னா சட்டத்துக்கு அம்மா இல்லை போல" என்று சொல்லிவிட்டு, கழுத்திலிருந்த நாலு பவுன் சங்கிலியைக் கழற்றினாள். தேரடிப் பக்கம் சேட்டுக் கடையில் ஒன்பதாயிரம் கொடுத்தார்கள்.

அந்த வருஷக் கடைசியில் அக்காவுக்கு வளைகாப்பு. அம்மா கழுத்தில் ஒரு கவரிங் சங்கிலி மினுமினுத்தது. வந்த உறவுக்காரர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. ஒன்றும் கேட்கவில்லை, சந்தனம் பூசிய கையோடு என்னை ஒரு பார்வை பார்த்தாள். 21,000 ரூபாயைவிட அந்தப் பார்வை அதிகம்.

2001 ஏப்ரலில், வட்டியும் முதலும் கட்டிச் சங்கிலியை மீட்டேன். அன்றைக்கு டீக்கடையில் பேப்பரை விரித்துப் பங்கு விலைப் பக்கம் பார்த்தேன். அந்தக் கம்பெனி: 23 ரூபாய்!

நான் சொன்னது சரிதானே? சரிதான். என்ன, ஒரு வருஷம் முந்திக்கொண்டு சரியாக இருந்தேன். சந்தையில் சீக்கிரம் சரியாக இருப்பதற்கும் தப்பாக இருப்பதற்கும் ஒரே பில்தான் வரும்.

பெரிய கரடிகளும் பட்ட பாடு

'நீ குன்றத்தூர்க் குமாஸ்தா. விவரம் போதாது' என்று நீங்கள் நினைக்கலாம். விவரம் நிறைந்தவர்கள் கதையைக் கேளுங்கள்.

ஸ்டான்லி ட்ரக்கன்மில்லர் என்பவர் ஜார்ஜ் சோரஸின் நிதியை நிர்வகித்த ஜாம்பவான். 1992-ல் இங்கிலாந்தின் பவுண்டுக்கு எதிராகப் பந்தயம் கட்டி ஜெயித்த கோஷ்டி. 1999 ஆரம்பத்தில் இன்டர்நெட் பங்குகள் விழும் என்று விற்றார். அவை ஏறின. கோடிக்கணக்கான டாலர் நஷ்டத்தோடு வெளியே வந்தார். மனிதர் அதோடு நிறுத்தவில்லை. 'சரி, ஏறத்தான் போகிறது' என்று 2000-ல் டெக்னாலஜி பங்குகளை வாங்கினார். அவை விழுந்தன! கரடியாகவும் அடி, காளையாகவும் அடி.

ஜூலியன் ராபர்ட்ஸன் இன்னொரு பெரிய கை. டைகர் என்ற நிதியை நடத்தியவர். இன்டர்நெட் பங்குகளின் விலையில் நியாயமே இல்லை என்று பிடிவாதமாக நின்றவர். முதலீட்டாளர்கள் பொறுமையிழந்து பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். 2000 மார்ச் 30-ம் தேதி கடையை மூடுவதாக அறிவித்தார். நாஸ்டாக் அதன் உச்சத்தைத் தொட்டது எப்போது தெரியுமா? மார்ச் 10-ம் தேதி. அவர் சொன்னது பலிக்க ஆரம்பித்து இருபது நாள் கழித்து மனிதர் கடையைக் கட்டியிருக்கிறார். அன்று 5,000-க்கு மேல் இருந்த நாஸ்டாக் 2002 அக்டோபரில் 1,100-க்கு வந்தது.

அமேசானை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகம் விற்று நஷ்டம் காட்டிக்கொண்டிருந்த கம்பெனி. 1999 டிசம்பரில் ஒரு பங்கு 100 டாலருக்கு மேல். 2001-ல் 6 டாலருக்கும் கீழே. உச்சியில் விற்றவன் ராஜா. உச்சி எது என்று அன்றைக்கு யார் நெற்றியிலும் எழுதி ஒட்டவில்லை. சரி, 6 டாலரில் 'இது செத்துப்போகும்' என்று விற்றிருந்தால்? அமேசான் சாகவில்லை. அப்படி விற்றுவிட்டுப் பிடிவாதமாக உட்கார்ந்திருந்தால் பேரன் காலத்திலும் கடன் அடையாது.

நம் நாட்டிலேயே பழைய பாடம் ஒன்று உண்டு. 1982-ல் கல்கத்தா கரடிகள் சேர்ந்துகொண்டு ரிலையன்ஸ் பங்கைக் கையில் இல்லாமலே விற்றுத் தள்ளினார்கள். திருபாய் அம்பானியின் பக்கத்தில் நின்ற புரோக்கர்கள் விற்றதையெல்லாம் வாங்கினார்கள். கணக்கு முடிக்கும் நாளில் 'தவணை கிடையாது. பங்கை எண்ணி வை' என்று உட்கார்ந்துவிட்டார்கள். இல்லாத பங்கை எங்கே போய் எண்ணுவது? கரடிகள் தலைதெறிக்க ஓடித் தேடியதில் விலை எகிறியது. பம்பாய்ப் பங்குச் சந்தையையே சில நாட்கள் மூடும்படி ஆயிற்று.

வேகமாக வளர்வதுதான் வில்லங்கம்

சாதாரணக் கம்பெனியைவிட, கிடுகிடுவென்று வளரும் இணையக் கம்பெனிக்கு எதிராகப் பந்தயம் கட்டுவது ஏன் அதிக ஆபத்து? நான் 21,000 ரூபாய் ட்யூஷன் ஃபீஸ் கட்டிக் கற்றதை உங்களுக்கு இலவசமாகத் தருகிறேன்.

ஒன்று, கணக்குப் புத்தகத்தில் நேற்று மட்டும்தான் இருக்கும். வாங்குகிறவன் நாளைக்குப் பணம் கொடுக்கிறான். வருஷா வருஷம் இரட்டிப்பாகிற கம்பெனி இன்னும் ஐந்து வருஷத்தில் முப்பத்திரண்டு மடங்கு என்று அவன் கனவு காண்கிறான். கனவு பொய்யென்று நிரூபிக்க ஐந்து வருஷம் ஆகும். உங்கள் கடனுக்குத் தவணை ஒரு மாதம்.

இரண்டு, விலை ஏறுவதே அந்தக் கம்பெனிக்குச் சத்து. பங்கு விலை உயரத்தில் இருக்கும்போது புதுப் பங்கு வெளியிட்டுச் சுலபமாகப் பணம் திரட்டும். அந்தப் பணத்தில் இன்னொரு கம்பெனியை வாங்கும். நஷ்டத்தை இன்னும் பத்து வருஷம் தாங்கும். 'விலை அதிகம், அதனால் விழும்' என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்க, விலை அதிகம் என்பதாலேயே அது பிழைத்துக்கொள்ளும்.

மூன்று, கரடிகளே காளைக்குத் தீனி. விலை ஏற ஏற, விற்றவர்கள் பயந்துபோய்த் திருப்பி வாங்குவார்கள். அவர்கள் வாங்குவதால் இன்னும் ஏறும். அதைப் பார்த்து அடுத்த கரடி ஓடும்.

நான்கு, பந்தயத்தின் நடுவில் விதியை மாற்றுவார்கள். 2001 மார்ச்சில் சந்தை சரிந்து, கேத்தன் பரேக் விவகாரம் வெடித்தபோது, செபி அமைப்பு இல்லாததை விற்பதற்கே தடை போட்டது. அந்த ஜூலையில் தவணை வியாபாரமான 'பத்லா'வும் ஒழிந்தது.

அதெல்லாம் அந்தக் காலம் என்பீர்கள். இந்தக் காலத்தையும் பார்ப்போம். ஸொமாட்டோ 2021 ஜூலையில் 76 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. முதல் நாளே 120-ஐத் தாண்டியது. அதே வருஷம் 160-க்கும் மேலே. 'சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற கம்பெனி, நஷ்டம்' என்று சொன்னவர்கள் வாக்கு 2022 ஜூலையில் பலித்தது. விலை 40-ஐ ஒட்டி வந்தது. 'இனி எழுந்திருக்காது' என்றார்கள். 2023-ல் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் முதல்முறையாக லாபம் காட்டியது. இரண்டே கோடிதான்! ஆனால், 2024 டிசம்பரில் விலை 300-ஐத் தொட்டது. சென்செக்ஸ் பட்டியலிலும் சேர்ந்தது.

பேடிஎம் நேர்மாறு. 2021 நவம்பரில் 2,150 ரூபாய்க்கு வெளியிட்ட பங்கு, முதல் நாளே 27 சதவிகிதம் விழுந்தது. 2024 மே மாதம் 310-ஐ ஒட்டி. ரிசர்வ் வங்கியின் நடவடிக்கைக்குப் பிறகு 'கதை முடிந்தது' என்று ஊரே சொன்ன சமயம். அதே டிசம்பரில் 900-க்கு மேல் போய்விட்டது. முதல் நாள் கரடிக்குப் பாயசம். கடைசியாகப் பந்திக்கு வந்த கரடிக்கு இலையே இல்லை.

செல்போன் கரடி

மறுபடி டீக்கடைக்கு வருவோம். இவ்வளவையும் சொல்லி முடித்தேன். மருமகன் மௌனமாக இருந்தான். பிறகு மெதுவாக,

"மாமா... அது வந்து... நேத்தே வித்துட்டேன்."

செல்போனை வாங்கிப் பார்த்தேன். இந்தக் காலத்தில் சாதாரணச் சந்தையில் கையில் இல்லாத பங்கை விற்றால் அன்றைக்கே வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அதே ஏலம், அதே பில். நாள் கணக்கில் வைத்திருக்க வேண்டுமென்றால் ஃப்யூச்சர் என்ற சமாசாரம். பையன் அதில் ஒரு லாட் விற்றிருந்தான். ஒரு லாட் 2,000 பங்கு. விற்ற விலை 300. மொத்தம் ஆறு லட்ச ரூபாய்ச் சரக்கு. கட்டியதோ ஒன்றரை லட்சம் முன்பணம். ஆறு லட்சத்துக்குப் பந்தயம் கட்டியிருக்கிறோம் என்பதே அவனுக்கு உறைக்கவில்லை. திரையில் ஒன்றரை லட்சம்தானே தெரிகிறது!

வெள்ளிக்கிழமை முடிவில் விலை 318. ஒரு பங்குக்கு 18 ரூபாய். 36,000 ரூபாய் நஷ்டம். ஒரே நாளில்.

"இறங்கிடும் மாமா. திங்கட்கிழமை பாருங்க."

"எந்தத் திங்கட்கிழமை?"

பதில் இல்லை.

"ஏறினா தினம் தினம் பணம் கட்டச் சொல்லுவான். கட்டலேன்னா அவனே வாங்கி முடிச்சுடுவான். மாசக் கடைசி வரைக்கும் வெச்சிருந்தா 2,000 பங்கை நிஜமாவே கொண்டுவந்து குடுக்கணும். 2019-லேருந்து அப்படித்தான் சட்டம். இருக்கா?"

"புட் ஆப்ஷன் வாங்கியிருந்தா நஷ்டத்துக்கு எல்லை உண்டுல்ல மாமா?"

"உண்டு. குடுத்த பணத்தோட போச்சு. ஆனா அது கையில பிடிச்ச குச்சி ஐஸ். விலை விழறதுக்குள்ள ஐஸ் கரைஞ்சிடும். கடைசியில உன் கையில குச்சி."

செபி 2024 செப்டம்பரில் ஒரு கணக்கு வெளியிட்டது. அதற்கு முந்தைய மூன்று நிதியாண்டுகளில் ஃப்யூச்சர், ஆப்ஷன் வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவிகிதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அதையும் சொன்னேன். எல்லோருக்கும் தான் மீதி 7 சதவிகிதத்தில் இருப்பதாகத்தான் நினைப்பு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன்.

அப்புறம்தான் அந்தச் சங்கிலிக் கதையைச் சொன்னேன். அதுவரை அவனிடம் யாரும் சொன்னதில்லை.

"எந்த வளைகாப்பு மாமா?"

"உன் வளைகாப்புதாண்டா. நீதான் வயித்துல இருந்தே."

திங்கட்கிழமை காலை சந்தை திறந்ததும் 316-ல் திருப்பி வாங்கி முடித்துவிட்டான். 32,000 ரூபாய் போயிற்று. வண்டி வாங்க வைத்திருந்த பணம்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்குக் கௌரவமாக இருந்திருக்கும். முடியவில்லை. ஒன்றரை மாதம் கழித்து ஒரு ராத்திரி போன். குரலில் ஒரு கடுப்பு.

"மாமா, பாத்தீங்களா? 270! நான் சொன்னேன்ல? வெச்சிருந்தா அறுபதாயிரம் லாபம்!"

அவன் சொன்னது சரி. அண்ணாச்சியைப் போல நானும் கண்ணாடியைக் கழற்றினேன். போனில் அது தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது.

"நடுவுல எவ்வளவு வரைக்கும் போச்சு?"

கொஞ்ச நேரம் தேடினான். "352."

"ரெண்டாயிரம் பங்கு. கணக்குப் போடு."

"...ஒரு லட்சத்து நாலாயிரம் நஷ்டம்."

"அன்னிக்குக் கட்டப் பணம் இருந்துதா?"

"இல்ல."

"யார்கிட்டப் போயிருப்பே?"

மறுமுனையில் பதில் இல்லை. பின்னால் அக்கா யாரிடமோ பேசிக்கொண்டிருப்பது கேட்டது. பாட்டி கொடுத்த அந்த நாலு பவுன் சங்கிலி இப்போது அக்கா கழுத்தில்தான் இருக்கிறது.

"சனிக்கிழமை மலைக்கு வரீங்களா மாமா?" என்றான். "டீ நான் வாங்கித் தரேன்."